மூடியும் சல்லடையும்

என் தம்பிக்கு யாரையும் கேட்டுக்கொண்டு செய்யும் பழக்கம் கிடையாது. செய்துவிட்டு வந்து கேட்பான். எண்பதுகளின் தொடக்கத்தில் தேரடித் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், அவன் உள்ளே உட்கார்ந்தால் வந்தவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். ஊரில் டேப் ரிக்கார்டர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. துபாய்க்குப் போனவர்கள் வீட்டில் எல்லாம் ஒன்று இருந்தது. இனி எல்லோரும் ஹெட்போன் கேட்பார்கள் என்று இவனாகவே முடிவு செய்து, மெட்ராசுக்கு பஸ் ஏறிப் போய் இரண்டு ஹெட்போன்களை வாங்கி வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அக்கா, கடையில ஒரு தினுசுதான் வாங்கி வெக்க முடியும். எதுன்னு நீ சொல்லு."

"நான் ஏன்டா சொல்லணும்? உன் கடை, உன் தலையெழுத்து."

"நாளெல்லாம் காதுல மாட்டிக்கினு உக்கார்றவங்க இந்த ஊர்ல நாலஞ்சு பேருதான். அதுல நீ ஒருத்தி. உனக்குத் தெரியாததா?"

அவன் சொன்னது உண்மைதான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போதெல்லாம் போனை எடுத்தால் நம்பர் சுழற்ற முடியாது, எங்களிடம்தான் கேட்க வேண்டும். "நம்பர் ப்ளீஸ்" என்று நான் சொல்லும் குரலைக் கேட்டு வக்கீல்களும் அரிசி மண்டிக்காரர்களும் "தேங்க்ஸ்ம்மா" என்பார்கள். என்னை நேரில் தெரிந்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதிலும் வீட்டுக்கு வந்துவிட்டால் கத்தல்தான்.

கத்தலுக்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. அம்மாவுக்குக் காது கேட்காது. என்னைப் பெற்ற இரண்டு மூன்று வருஷத்தில், இருபத்தைந்து வயசுக்குள் ஆரம்பித்ததாம். முதலில் வலது காது, அப்புறம் இடது. அதுவும் ஒரேயடியாகப் போகவில்லை. பாத்திரம் விழுந்தால் கேட்கும், கொலுசு கேட்கும், அப்பா பேசுவது கேட்காது. ஆம்பிளைக் குரல் மாதிரி கனமான சத்தங்கள்தான் முதலில் போயின. இவள் ஏதோ கோபத்தில் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று அப்பா பாவம், ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாராம். அப்பா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் வாசலில் போகிறவனுக்கும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஹெட்போனுக்கு வருகிறேன்.

ஒன்று பெரியது. கறுப்பு ரெக்சின் வைத்துத் தைத்த இரண்டு கிண்ணங்கள், காதை முழுவதுமாக விழுங்கிவிடும், பின்பக்கம் கெட்டியாக மூடியிருக்கும். இன்னொன்று சின்னது. மெல்லிய தகட்டு வளையம், இரண்டு பக்கமும் வடை அளவு ஸ்பாஞ்சு, பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. அவற்றுக்கு ஏதேதோ இங்கிலீஷ் பெயர் சொன்னான் தம்பி. நாங்கள் வைத்த பெயர் மூடி, சல்லடை.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் காபியைக் குடித்துவிட்டு டேப் ரிக்கார்டர் முன்னால் உட்காருவேன். ஒரு பாட்டை மூடியில் கேட்பது, அதையே சல்லடையில் கேட்பது. மூடியை மாட்டினால் எதிர் லாட்ஜின் ஒலிபெருக்கி, பஸ் ஹாரன், பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம், எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். பாட்டு தலைக்குள்ளேயே நடக்கும். ஆனால் புழுக்கம்! சித்திரை மாசத்தில் இந்த ஊர்ப் பாறைச் சூடு தெரியுமல்லவா, அதில் இதை மாட்டிக்கொண்டு இரண்டு பாட்டு கேட்டால் காது வெந்துவிடும். கழுத்து வேறு வலிக்கும். சல்லடையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, மாட்டியிருப்பதே மறந்துபோகும். பாட்டுகூட அறையில் நாலு பேர் உட்கார்ந்து பாடுகிற மாதிரி விரிந்து கேட்கும். ஆனால் வெளிச் சத்தம் அத்தனையும் உள்ளே வரும், உள்ளே ஓடுகிற பாட்டு வெளியே போகும். மிருதங்கம் கொஞ்சம் சோனிதான். சொல்லப்போனால் தம்பியைவிட எனக்குத்தான் இதில் ருசி வந்துவிட்டது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ மூடியில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. இடது பக்கம் மிருதங்கம் "தொம்" என்று நெஞ்சில் இறங்குகிறது. வலது பக்கம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது.

"டேய், இந்த மூடியில வலது பக்கம் ரிப்பேர். ஏமாந்துட்டு வந்திருக்க."

அவன் வாங்கி மாட்டிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா இருக்கு."

"எனக்கு இல்லையே."

"இடவலம் மாத்தி மாட்டு."

மாற்றி மாட்டினேன். இப்போது வலது காதில் இருந்தது, இத்தனை நேரம் நன்றாகக் கேட்ட கிண்ணம். அதிலும் தகர டப்பாதான். கெட்டது என்று நான் சொன்ன கிண்ணம் இடது காதில் "தொம், தொம்" என்று முழங்கியது.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கோளாறு ஹெட்போனில் இருந்தால் ஹெட்போனோடு நகர வேண்டும். நகரவில்லை என்றால்? அடுப்படியில் அம்மா பருப்பு கடைந்துகொண்டிருந்தாள்.

வலது காது. கனமான சத்தம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயசு.

சல்லடையை எடுத்து மாட்டினேன். அதில் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதையும் தம்பி விட்டுவைக்கவில்லை. "அதுல கனமான சத்தமே கம்மிக்கா. இல்லாதது ரெண்டு பக்கமும் சமமாத்தான் கேக்கும்" என்றான். அடித்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. அதுதான் அழுகையாக வந்தது.

இதில் இன்னொரு சிக்கல். நான் அப்போது நிரந்தரம் ஆகவில்லை. பர்மனென்ட் ஆவதற்கு வேலூர் பெரியாஸ்பத்திரியில் மெடிக்கல் எழுதி வாங்க வேண்டும். ஆபரேட்டர் வேலைக்குக் கண்ணைக் கூட விட்டுவிடுவார்கள், காதை விடமாட்டார்கள். இரண்டு காதையும் பார்ப்பார்கள். ஆறு வாரத்தில் தேதி. வேலையை நினைத்தால் ஒரு பயம், அம்மாவை நினைத்தால் ஒரு பயம். வேலை போனால்கூட வேறு ஒன்று தேடிக்கொள்ளலாம். எதிரே ஆள் வாயசைப்பதை வெறித்துப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, தப்பான இடத்தில் சிரித்துக்கொண்டு ஆயுசு முழுக்க எப்படி இருப்பது? அம்மா அப்படித்தான் இருந்தாள். நான் தினம் பார்த்தேன்.

அந்த ஆறு வாரம் நான் பண்ணிய கூத்து இருக்கிறதே! கைக்கடிகாரத்தை வலது காதில் வைப்பேன், டிக்டிக் கேட்கும். கேட்டு என்ன பிரயோஜனம்? அம்மாவுக்கும் கடிகாரம் கேட்டது, அப்பா குரல்தானே கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை வழக்கமாக மாட்டுகிற இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிப் பார்ப்பேன். போனில் வருகிற குரல் எப்போதுமே தகர டப்பாதான், அதில் என்ன தெரியும். யாராவது ஆம்பிளை பேசினால் என்னை அறியாமல் இடது பக்கத்தைக் கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் ஜாஸ்தியானது. தினமும் ஒரு தடவை மூடியை எடுத்து மாட்டுவேன். தினமும் வலது பக்கம் தகர டப்பா. பிறகு சல்லடையை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிம்மதியாக இருப்பேன். பொய் நிம்மதி என்று தெரிந்தும் அதை விட மனசில்லை.

அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வது? "எனக்கும் உன்னை மாதிரி காது போகுதும்மா" என்று தெருவே கேட்கும்படி கத்தவா? நாளைக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் அதே தெருவில்தான் விசாரிப்பார்கள். காது கேட்காத அம்மாவிடம் ரகசியம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. அது எவ்வளவு பெரிய இல்லாமை என்று அப்போதுதான் தெரிந்தது.

இங்கே என் காதுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போனபோது அம்மா தன் காதிலிருந்த கம்மலையும் ஜிமிக்கியையும் கழற்றி என் காதில் போட்டுவிட்டாள். நல்ல கனமான ஜிமிக்கி. எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டும் பக்கம் கழற்றிவிடச் சொல்வார்கள். நான் சோம்பேறித்தனத்தில் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டி, இடது காது மடல் திருகாணி அழுத்திப் புண்ணாகிவிட்டது. தம்பி ஹெட்போன் வாங்கி வருவதற்கு முந்தின வாரம்தான் அம்மா அந்த ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகினாள். "வலதும் கழட்டிடறேன், ஒத்தையா நல்லாவா இருக்கு?" என்று கத்தினேன். அம்மா விடவில்லை.

"ரெண்டு காதும் மூளியா இருக்க நான் ஒருத்தி போதாதா இந்த வீட்டுல? ஒண்ணாவது கெடக்கட்டும்."

ஒரு காதில் ஜிமிக்கி, ஒரு காதில் ஈர்க்குச்சியோடு டியூட்டிக்குப் போனேன். கூட வேலை செய்கிறவள் ஒருத்தி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "தீபத்தன்னிக்குக் கோயில்ல சாமி ரெண்டு நிமிஷம்தான் வெளியே வருவாரு. நம்மூட்டு அர்த்தநாரி தினம் எட்டு மணி நேரம் தரிசனம்!" என்றாள். புண் ஆறுவேனா என்றது. வேலூர் போகும் நாள் வரை அர்த்தநாரிதான்.

தேதி வந்தது. தனியாகப் போகிறேன் என்றால் அம்மா கேட்கவில்லை. காலை முதல் பஸ்ஸில் போளூர் வழியாக வேலூர் போய்ச் சேர்ந்தோம். காது டிபார்ட்மென்ட் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸம்மா வந்து சீட்டைப் பார்த்துவிட்டு, நான் அம்மாவிடம் கத்துவதையும் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அம்மாவும் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடி, "மெடிக்கல் எனக்குங்க, அவங்க சும்மா கூட வந்தவங்க" என்றேன். நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்னும் சோதிக்கவே இல்லை, அதற்குள் முடிவு தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

சின்ன அறை, சுவரெல்லாம் கனத்த துணி. மேஜையில் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு ஹெட்போன். கறுப்பு. கெட்டி. மூடியின் அக்கா மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும், ஆச்சு, இதில் வலது பக்கம் தகர டப்பாதான், வேலை போச்சு என்று உட்கார்ந்தேன். நர்ஸம்மா மாட்ட வந்தவர் நிறுத்தினார்.

"கம்மலக் கழட்டும்மா."

"எதுக்குங்க?"

"இவ்ளோ பெரிய ஜிமிக்கி மேல மாட்டுனா காதுல எங்க ஒக்காரும்? சந்துல சத்தமெல்லாம் ஓடிடும். கனமான சத்தம் சுத்தமா கேக்காது. போன வாரம் இப்படித்தான் ஒரு டீச்சரம்மா, கழட்ட மாட்டேன்னு அடம் புடிச்சு, காது போச்சுன்னு ஒரே அழுக."

நான் அப்படியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா? காது கேக்குதா இல்லியா?"

"கேக்குதுங்க" என்றேன். "இப்போதாங்க கேக்குது."

அவசரத்தில் எனக்குத் திருகாணி சுழலவே இல்லை, அவர்தான் கழற்றிக் கொடுத்தார். ஹெட்போன் இரண்டு காதிலும் பச்சென்று உட்கார்ந்தது. சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். இடது காதில் முதலில் சத்தம் வந்தது, விரலைத் தூக்கினேன். பிறகு வலது. மெல்லிய சத்தம், தூக்கினேன். கனமான சத்தம், எங்கோ கிணற்றடியில் யாரோ முனகுகிற மாதிரி. தூக்கினேன். இன்னும் மெதுவாக. தூக்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் டாக்டரம்மா வந்து தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு காதும் ஒண்ணு போல இருக்கு. எதுக்கு அழறீங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். ஹெட்போன், மூடி, சல்லடை, ஈர்க்குச்சி எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கேவலமாகத்தான் இருந்தது. தம்பிக்கு இரண்டு காதும் ஒன்றாகக் கேட்டதே, அவன் காதில் என்ன கிடந்தது? ஒன்றும் இல்லை. எனக்கோ இடது பக்கம் ஈர்க்குச்சி, அதில் கிண்ணம் அடைத்து உட்கார்ந்துவிட்டது. வலது பக்கம் ஜிமிக்கி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. சல்லடையின் ஸ்பாஞ்சு சின்னது, ஜிமிக்கிக்கு மேலேயே நின்றுவிடும். போதாததற்கு அதுவே ஓட்டை, சந்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. இத்தனையும் ஆறு வாரம் எனக்குத் தோன்றவில்லை. காதில் கிடப்பதை ஒரு பொருள் என்று நாங்கள் எங்கே நினைத்தோம்? மூக்கு மாதிரி, புருவம் மாதிரி, அதுவும் முகத்தில் இருப்பது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "என் காது நல்லா இருக்குதும்மா! ரெண்டும் நல்லா இருக்குது!" ரிக்‌ஷாக்காரர்களும் பழக்கடைக்காரியும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

பஸ் போளூர் தாண்டியதும்தான் அம்மா பேசினாள். அவள் பேசினாலும் சத்தமாகத்தான் இருக்கும், தன் குரலே அவளுக்குக் கேட்காதே.

"ஒன்ற மாசமா பாத்துக்கினுதான் இருந்தேன். யார் பேசுனாலும் இடது காதக் காட்டிக் கழுத்தத் திருப்புற. நானும் அந்த வயசுல அப்படித்தான் திருப்புவேன். எங்கிட்டேர்ந்து உனக்கு வேற எதுவும் வரல, இதுதான் வரணுமான்னு தெனம் மலையப் பாத்துக் கேட்டேன்."

நான் மூடிவைத்திருந்ததாக நினைத்த ரகசியத்தை அவளும் ஆறு வாரமாகச் சுமந்திருக்கிறாள். பஸ்ஸில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ரவிக்கைக்குள் வைத்திருந்த பர்ஸைத் திறந்து ஜிமிக்கியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "உங்கிட்டேர்ந்து எனக்கு வந்தது இதும்மா. இதுதான் கேக்க விடாம பண்ணிச்சு" என்று கத்தினேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பாதி புரிந்ததற்கே அப்படிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி முன்னால் இரண்டு காதும் வெறுங்காதாக மூடியை மாட்டினேன். "தொம்." வலதிலும் "தொம்." அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன், ஆறு வாரப் பாக்கி.

"அப்ப எதக்கா கடையில வெக்கறது?"

"ஜிமிக்கி போடற வீட்டுக்குச் சல்லடை. மத்தவங்களுக்கு மூடி. ரெண்டையும் வாங்கி வெய்யி."

சொல்லிவிட்டு, தலையிலிருந்து கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா எதிரில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் காதில் கழற்ற எதுவும் இல்லை.

தம்பியைக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு டேப் ரிக்கார்டரில் காலி கேசட்டைப் போட்டேன். எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலிலேயே, பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்கிற மாதிரி பேசினேன். "அம்மா, ரொம்ப பயந்துட்டேம்மா. உங்கிட்டச் சொல்லணும்னு தெனம் நெனச்சேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ இத்தனை வருஷம் எப்படிம்மா இருந்த?" அவ்வளவுதான் வந்தது. மூடியை அம்மா தலையில் மாட்டினேன். அவள் காதில் அது அடைத்து உட்கார்ந்தது, ஒரு சந்து இல்லை. சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டுப் போட்டேன். வெளியே எனக்கே லேசாகத்தான் கேட்டது. தெருவுக்கு ஒன்றும் போகவில்லை.

அம்மாவின் கையிலிருந்த கீரைக் காம்பு அப்படியே நின்றது. முழுதும் கேட்டாள். முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருடி இது?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

"நீயா? நீ இவ்ளோ மெதுவாவா பேசுவ?" என்றாள். "இத்தன நாளும் நீ எம்மேல கோவமாவே இருக்கேன்னுதான்டி நெனச்சிக்கினு இருந்தேன்."

அம்மா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடு" என்றாள்.